181-க்கு அழைத்த பிறகு என்ன நடக்கும்? குடும்ப வன்முறைப் புகார்கள் பாதியில் நின்றுபோவது ஏன்?

இரவு 11 மணி. பக்கத்து வீட்டில் பாத்திரம் விழும் சத்தம். அடுத்து ஒரு பெண்ணின் அலறல். தெருவில் நாலு வீட்டில் லைட் எரிகிறது. யாரும் கதவைத் திறப்பதில்லை. "புருஷன் பொண்டாட்டி சண்டை, நமக்கு எதுக்கு வம்பு" என்று சொல்லிவிட்டு லைட்டை அணைக்கிறார்கள். காலையில் அந்தப் பெண் வழக்கம்போல வாசல் தெளித்துக் கோலம் போடுகிறார். கண்ணுக்குக் கீழே கன்றிப்போய் இருக்கிறதே என்று கேட்டால், "பாத்ரூம்ல வழுக்கிட்டேன்கா" என்கிறார்.

தமிழ்நாட்டில் எந்தத் தெருவுக்கும் இந்தக் காட்சி புதிதல்ல. ஆனால் சட்டம் இல்லாததால் இது நடக்கிறது என்று சொல்ல முடியாது. 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழகத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் தொடங்கப்பட்டது. 2005-ல் குடும்ப வன்முறைக்கு எதிராகத் தனிச் சட்டம் வந்தது. 2018 டிசம்பரில் 181 உதவி எண் தமிழகத்தில் தொடங்கப்பட்டது. இவ்வளவும் இருந்தும் ஏன் பெரும்பாலான பெண்கள் வெளியே சொல்வதில்லை? சொன்னவர்களின் புகார்களும் ஏன் பாதி வழியில் நின்றுபோகின்றன? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எவ்வளவு பெரிய பிரச்னை இது?

2019-21-ல் நடந்த 5-வது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் திருமணமான 18 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 29.3 சதவீதம் பேர் கணவரின் வன்முறையை ஒருமுறையாவது சந்தித்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் இது 38.1 சதவீதம். அதாவது கிட்டத்தட்ட 5 பேரில் 2 பேர்.

படிப்பிலும் வேலைவாய்ப்பிலும் முன்னால் நிற்கும் மாநிலத்தில் இவ்வளவா என்று தோன்றலாம். இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இது காவல் நிலையக் கணக்கு அல்ல, ஆய்வாளர்கள் நேரில் கேட்டபோது பெண்கள் சொன்ன பதில். எந்த மாநிலத்துப் பெண்கள் தயங்காமல் சொல்கிறார்களோ, அங்கே எண்ணிக்கை கூடுதலாகத் தெரிய வாய்ப்பு உண்டு. அதனால் மாநிலங்களை வைத்து ரேங்க் போடுவதில் பயனில்லை. ஆனால் 38 சதவீதம் என்பது எந்தக் கணக்கில் பார்த்தாலும் சின்ன எண் இல்லை.

அதே ஆய்வில் இன்னொரு தகவல் இருக்கிறது. உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ வன்முறையைச் சந்தித்த பெண்களில், யாரிடமாவது உதவி கேட்டவர்கள் தேசிய அளவில் வெறும் 14 சதவீதம்தான். 77 சதவீதம் பேர் உதவியும் கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. அம்மாவிடம்கூட இல்லை.

இன்னொரு பக்கம், தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ம் ஆண்டு அறிக்கையில் பெண்களுக்கு எதிரான குற்றங்களாக 4,45,256 வழக்குகள் பதிவாகியிருக்கின்றன. அதில் 31.4 சதவீதம், 'கணவர் அல்லது கணவரின் உறவினர் செய்த கொடுமை' என்ற ஒரே தலைப்பின் கீழ் வருகிறது. வாய் திறக்காதவர்கள்தான் அதிகம் என்ற நிலையிலேயே முதலிடம் இதற்குத்தான்.

ஏன் சொல்வதில்லை? ஆய்வில் கேட்கப்பட்ட இன்னொரு கேள்வியில் ஒரு பதில் கிடைக்கிறது. சாப்பாடு சரியில்லை, சொல்லாமல் வெளியே போனார், எதிர்த்துப் பேசினார் என்று 7 காரணங்களைச் சொல்லி, 'இதில் எதற்காவது கணவர் அடிப்பது நியாயமா?' என்று கேட்டார்கள். பெண்களில் 45 சதவீதம் பேரும் ஆண்களில் 44 சதவீதம் பேரும் ஏதாவது ஒரு காரணத்துக்காவது 'ஆமாம்' என்றிருக்கிறார்கள். "தப்பு நம்ம மேலதான்" என்று நினைக்கும் ஒருவர் எங்கே போய்ப் புகார் கொடுப்பார்?

எதெல்லாம் குடும்ப வன்முறை?

'குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005', 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. கை நீட்டினால்தான் வன்முறை என்பது பலருடைய நினைப்பு. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 4 வகைகளைச் சொல்கிறது.

• உடல்ரீதியானது: அடிப்பது, தள்ளுவது, காயப்படுத்துவது, உயிருக்கு ஆபத்து ஏற்படுத்துவது.

• பாலியல்ரீதியானது: விருப்பமில்லாமல் கட்டாயப்படுத்துவது, கண்ணியத்தைக் குலைக்கும் எந்தப் பாலியல் நடத்தையும்.

• வார்த்தையாலும் மனரீதியாகவும்: கேவலமாகத் திட்டுவது, குழந்தை இல்லை, ஆண் குழந்தை இல்லை என்று குத்திக்காட்டுவது, அவருக்கு வேண்டியவர்களை அடிப்பேன் என்று மிரட்டுவது.

• பொருளாதாரரீதியானது: வீட்டுச் செலவுக்குப் பணம் தராமல் இருப்பது, நகையை அனுமதியில்லாமல் அடகு வைப்பது அல்லது விற்பது, சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது.

இந்தப் பட்டியலில் இரண்டாவது வகை முக்கியமானது. 18 வயதுக்கு மேற்பட்ட மனைவியை கணவர் கட்டாயப்படுத்தினால் அது பாலியல் வன்கொடுமைக் குற்றமாகக் கருதப்படாது என்ற விதிவிலக்கு, 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் தொடர்கிறது. ஆனால் 2005 சட்டத்தின் கீழ் அதே பெண் பாதுகாப்பு கேட்க முடியும். இந்த வித்தியாசம் பல பெண்களுக்குத் தெரியாது.

மனைவி மட்டும்தான் புகார் செய்யலாமா? இல்லை. ஒரே வீட்டில் வசிக்கும், அல்லது வசித்த அம்மா, சகோதரி, மகள், மருமகள், திருமணம் போன்ற உறவில் சேர்ந்து வாழும் பெண் என எல்லோரும் இந்தச் சட்டத்தின் கீழ் வருவார்கள். வயதான அம்மாவை மகன் அடித்தாலும் இதே சட்டம்தான். யார் மீது புகார் செய்யலாம் என்பதில் முதலில் 'வயது வந்த ஆண்' என்று இருந்தது. 2016-ல் உச்ச நீதிமன்றம் அந்த வார்த்தைகளை நீக்கிவிட்டது.

இரண்டு வழிகள், நிறைய குழப்பம்

புகார் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது போலீஸ், கேஸ், ஜெயில். அதனால்தான் பல பெண்கள் பின்வாங்குகிறார்கள். "அவரை உள்ளே தள்ளிட்டு நான் மட்டும் எப்படி அந்த வீட்டுல இருக்க முடியும்? அடிக்காம இருந்தா போதும்." இதுதான் பெரும்பாலானவர்களின் மனநிலை.

உண்மையில் சட்டத்தில் இரண்டு தனித்தனி வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, குற்ற வழக்கு. முன்பு 498ஏ என்று எல்லோரும் சொன்ன பிரிவு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 85, 86-வது பிரிவுகளாக இருக்கிறது. கணவரோ அவரது உறவினரோ கொடுமைப்படுத்தினால் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை. இதன் நோக்கம் செய்தவரைத் தண்டிப்பது.

இரண்டாவது வழி, 2005 சட்டம். இதன் நோக்கம் பெண்ணைப் பாதுகாப்பது. 'இனி அடிக்கக் கூடாது, அருகில் வரக் கூடாது' என்ற பாதுகாப்பு ஆணை, வீட்டை விட்டு வெளியேற்றக் கூடாது என்ற வசிப்பிட ஆணை, மாதச் செலவுக்குப் பணம், குழந்தைகளைத் தற்காலிகமாகத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் உரிமை, இழப்பீடு ஆகியவற்றை நடுவர் நீதிமன்றத்தில் கேட்கலாம். முதல் மனுவிலேயே யாரும் கைது செய்யப்படுவதில்லை. விவாகரத்தும் கேட்க வேண்டியதில்லை.

அதாவது, "அடிக்காம இருந்தா போதும்" என்று சொல்லும் பெண்ணுக்காகவே எழுதப்பட்ட சட்டம் இது. அவருக்குத்தான் இது போய்ச் சேரவில்லை.

ஒரு புகார் எத்தனை கதவுகளைத் தட்ட வேண்டும்?

உதாரணத்துக்கு ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். 28 வயது, இரண்டு குழந்தைகள், கணவர் லோடு வண்டி ஓட்டுகிறார், மாமியார் வீட்டில் கூட்டுக் குடித்தனம். ஒருநாள் இனி பொறுக்க முடியாது என்று முடிவு செய்கிறார். அவர் தட்டும் கதவுகளையும், ஒவ்வொன்றிலும் எங்கே சிக்கல் வருகிறது என்பதையும் பார்க்கலாம்.

கதவு 1: பிறந்த வீடு

முதலில் போகும் இடம் அம்மா வீடு. "ரெண்டு நாள் இருந்துட்டுப் போம்மா, அப்பாவை விட்டுப் பேசச் சொல்றேன்" என்பார்கள். பெரியவர்கள் உட்கார்ந்து பேசுவார்கள். கணவர் "இனிமே குடிக்க மாட்டேன்" என்று சத்தியம் செய்வார். பெண் திரும்பிப் போவார். கல்யாணத்துக்கு வாங்கிய கடனே இன்னும் அடையாத வீட்டில், தங்கச்சிக்கு வரன் பார்க்கும் நேரத்தில், 'வாழாவெட்டி' என்ற சொல்லுக்கு எல்லோரும் பயப்படுகிறார்கள். அப்பா அம்மாவுக்கு மகள் மேல் பாசம் இல்லை என்பதல்ல. அவளை எத்தனை நாள் வைத்துக் காப்பாற்ற முடியும் என்ற கணக்குதான் அவர்களைப் பேச வைக்கிறது.

கதவு 2: மருத்துவமனை

அடுத்த முறை அடி பலமாக விழுகிறது. அரசு மருத்துவமனைக்குப் போகிறார். பெரும்பாலும் அழைத்துப் போவது அடித்த கணவர், இல்லையென்றால் மாமியார். பக்கத்திலேயே நிற்கும்போது டாக்டர் "எப்படிம்மா ஆச்சு?" என்று கேட்டால் என்ன சொல்ல முடியும்? "மாடிப்படியில விழுந்துட்டேன்." அதுவே பதிவாகிறது.

பின்னால் வழக்கு என்று வரும்போது, அந்தப் பதிவேட்டின் நகல், அதாவது 'ஏ.ஆர். காப்பி' முக்கியமான ஆதாரம். அதில் 'விழுந்தார்' என்று இருந்தால், எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் காட்டுவது அதைத்தான். பெண்ணைத் தனியாக வைத்து விசாரித்தால் இந்த ஒரு சிக்கல் தீரும். ஆனால் கூட்டம் நெரியும் அவசரப் பிரிவில் அதற்கு இடமும் இல்லை, நேரமும் இல்லை.

சட்டப்படி, குடும்ப வன்முறைக்கு ஆளான பெண் கேட்டால் மருத்துவமனை சிகிச்சை அளித்தே ஆக வேண்டும். ஏற்கெனவே புகார் பதிவு செய்யவில்லை என்று காரணம் காட்டி மறுக்கக் கூடாது.

கதவு 3: காவல் நிலையம்

இங்கேதான் அதிகப் புகார்கள் நிற்கின்றன. மகளிர் காவல் நிலையத்தில் மனு வாங்கிக்கொள்கிறார்கள். 'சி.எஸ்.ஆர்.' ரசீது தருகிறார்கள். கணவரை வரச் சொல்கிறார்கள். இரு தரப்பும் வந்ததும் கவுன்சிலிங். "குழந்தைங்க முகத்தைப் பாரும்மா" என்று ஒரு பேச்சு, "இனிமே கை வெச்சே, உள்ள போட்டுருவேன்" என்று ஒரு அதட்டல். எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறார்கள். அன்று இரவு வீட்டில் என்ன நடக்கும் என்று பெண்ணுக்கு மட்டும்தான் தெரியும். "என்னையவா ஸ்டேஷனுக்கு இழுத்தே?"

சி.எஸ்.ஆர். என்பது மனு வந்ததற்கான ரசீது மட்டுமே, எஃப்.ஐ.ஆர். கிடையாது. கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகத் தகவல் கிடைத்தால் எஃப்.ஐ.ஆர். கட்டாயம் என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் குடும்பப் பிரச்னைகளில் முதலில் ஆரம்பகட்ட விசாரணை நடத்தலாம் என்ற விலக்கையும் அதே தீர்ப்பு கொடுத்தது. புதிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும், 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் ஆரம்பகட்ட விசாரணை நடத்த வழி செய்கிறது. நடைமுறையில் இந்த விசாரணையே சமாதானப் பேச்சாகிவிடுகிறது.

சமாதானமே தப்பா? இல்லை. இரு பக்கமும் சமமாக இருக்கும்போது பேசித் தீர்ப்பது நல்லதுதான். ஒருவர் பயத்தில் நடுங்கிக்கொண்டு இருக்கும்போது நடப்பது பேச்சுவார்த்தை ஆகாது. அதோடு, குடும்ப வன்முறைப் புகார் வந்தால், பாதுகாப்பு ஆணை கேட்கும் உரிமை, பாதுகாப்பு அலுவலர் இருக்கும் இடம், இலவச சட்ட உதவி ஆகியவற்றை அந்தப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டியது போலீஸின் கடமை என்று 2005 சட்டத்தின் 5-வது பிரிவே சொல்கிறது. இந்த ஒரு தகவலைச் சொல்லி அனுப்பினாலே பல பெண்களுக்கு அடுத்த கதவு திறக்கும்.

கதவு 4: பாதுகாப்பு அலுவலர்

இப்படி ஒரு அதிகாரி இருப்பதே நிறைய பேருக்குத் தெரியாது. தமிழ்நாட்டில் சமூக நலத் துறையின் கீழ் மாவட்ட அளவில் இவர்கள் இருக்கிறார்கள். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் சந்திக்கலாம். நடந்ததைக் கேட்டு 'டி.ஐ.ஆர்.' எனப்படும் குடும்ப வன்முறை அறிக்கை தயாரிப்பது, நீதிமன்றத்துக்கு மனு எழுத உதவுவது, தங்க இடம், சிகிச்சை, இலவச வக்கீல் ஏற்பாடு செய்வது, நீதிமன்ற ஆணை நிறைவேறுகிறதா என்று பார்ப்பது எல்லாம் இவர் வேலை. சட்டத்தின் மொத்த பாரமும் இந்த ஒருவர் தோளில்தான்.

அதுவே சிக்கலும்கூட. மாவட்டத் தலைநகரில் இருக்கும் ஓர் அலுவலகத்துக்கு, மலைக் கிராமத்திலோ கடைக்கோடி தாலுகாவிலோ இருக்கும் பெண் வர ஒரு நாள் கூலி போகும். பல மாநிலங்களில் வேறு வேலை பார்க்கும் அதிகாரிகளுக்கே இதைக் கூடுதல் பொறுப்பாகக் கொடுத்திருந்தார்கள். சட்டம் வந்து 20 ஆண்டு ஆகும் நேரத்தில், 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, பாதுகாப்பு அலுவலர்கள் இல்லாத இடங்களில் மாவட்ட, தாலுகா அளவில் 6 வாரங்களுக்குள் அவர்களை நியமிக்க வேண்டும் என்று மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. அப்படி உத்தரவிடும் நிலை இருந்தது என்பதே நிலைமையைச் சொல்லிவிடும்.

கதவு 5: நீதிமன்றம்

சட்டத்தில் எழுதியிருப்பதைப் படித்தால் வேகமாகத்தான் தெரியும். மனு கிடைத்த 3 நாளுக்குள் முதல் விசாரணை. எதிர்த்தரப்புக்கு 2 நாளுக்குள் நோட்டீஸ். 60 நாளுக்குள் முடிக்க முயற்சி செய்ய வேண்டும்.

நடைமுறையில்? லோடு ஏற்றிக்கொண்டு வெளி மாநிலம் போன கணவருக்கு நோட்டீஸ் கொடுக்க முடியவில்லை. கொடுத்த பிறகு வக்கீல் வைக்க அவகாசம். பிறகு வாய்தா, மறுபடி வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் பெண் வேலைக்கு லீவு போட வேண்டும், குழந்தையை யாரிடமாவது விட வேண்டும். மாதங்கள் ஓடும்போது, "போதும், அவரோடயே போயிடறேன்" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார். கோப்பில் அது 'சமாதானம் ஆகிவிட்டது' என்று பதிவாகும்.

இதற்கும் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. அவசரம் என்றால் எதிர்த்தரப்பைக் கேட்காமலேயே நடுவர் இடைக்கால ஆணை பிறப்பிக்கலாம். அதை முதல் மனுவிலேயே கேட்க வேண்டும். இன்னொரு வசதி, கணவர் வீடு இருக்கும் ஊரில்தான் வழக்குப் போட வேண்டும் என்பதில்லை. பெண் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரின் நீதிமன்றத்திலும் மனு கொடுக்கலாம்.

கதவு 6: ஆணை கிடைத்த பிறகு

ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்த மீறல் ஜாமீனில் வர முடியாத குற்றம். பெண்ணின் சாட்சியத்தை மட்டும் வைத்தே நீதிமன்றம் முடிவுக்கு வரலாம். ஆனால் ஆணையின் நகலை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனால், "இது கோர்ட் விஷயம், அங்கேயே போய்ச் சொல்லுங்க" என்று திருப்பி அனுப்பும் நிலை வந்தால், அந்தக் காகிதத்துக்கு என்ன மதிப்பு?

பணம் வாங்குவது இன்னொரு போராட்டம். கணவரின் சம்பளத்தில் பிடித்து நேரடியாகப் பெண்ணுக்குத் தரும்படி அவர் வேலை செய்யும் நிறுவனத்துக்கே நடுவர் உத்தரவிடலாம். அரசு ஊழியர், கம்பெனி ஊழியர் என்றால் இது நடக்கும். நாம் உதாரணத்துக்கு எடுத்துக்கொண்ட பெண்ணின் கணவர் தினக்கூலிக்கு வண்டி ஓட்டுபவர். யாரிடம் போய்ப் பிடிக்கச் சொல்வது?

"எங்கே போய்த் தங்குவேன்?"

ஆறு கதவுகளையும் தட்டும் தைரியம் ஒரு பெண்ணுக்கு வருமா வராதா என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் இந்த ஒரு கேள்விதான்.

இதில் 2020 அக்டோபர் 15-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு முக்கியமானது. அதற்கு முன், வீடு மாமனார் மாமியார் பெயரில் இருந்தால் மருமகளுக்கு அங்கே இருக்க உரிமை இல்லை என்று 2006 தீர்ப்பை வைத்து வெளியேற்றி வந்தார்கள். அந்த நிலையை 2020 தீர்ப்பு மாற்றியது. வீடு யார் பெயரில் இருந்தாலும், கணவரோடு குடும்பமாக அங்கே வாழ்ந்திருந்தால் அங்கே வசிக்கும் உரிமையைக் கேட்கலாம். தேவைப்பட்டால் கணவரையே வீட்டை விட்டு வெளியே இருக்கச் சொல்லவும் நடுவரால் முடியும். அடித்தவர் வீட்டுக்குள் இருக்க, அடி வாங்கியவர் பையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை.

அந்த வீட்டிலேயே இருப்பது ஆபத்து என்றால் என்ன செய்வது? 2015-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தின் கீழ் 'சகி' எனப்படும் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் மாவட்டங்களில் இருக்கின்றன. சிகிச்சை, கவுன்சிலிங், சட்ட உதவி, போலீஸ் உதவி எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். 5 நாள் வரை தங்கலாம். அதன் பிறகு காப்பகம். 6-வது நாள் பற்றிய பயம்தான் பலரைத் திரும்ப வீட்டுக்கு அனுப்புகிறது. பள்ளி போகும் குழந்தைகளை வைத்துக்கொண்டு காப்பகத்தில் எத்தனை மாதம் இருக்க முடியும்?

இந்த இடத்தில் சம்பந்தமே இல்லாதது போலத் தெரியும் சில திட்டங்கள் உதவுகின்றன. அரசு நகரப் பேருந்தில் இலவசப் பயணம் என்றால், சமூக நல அலுவலகத்துக்கோ கோர்ட்டுக்கோ போக வீட்டில் காசு கேட்டு நிற்க வேண்டியதில்லை. மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகை தன் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் வந்தால், அது சின்னத் தொகையாக இருந்தாலும் கையில் இருக்கும் காசு. வேலைக்குப் போகும் பெண்களுக்கு 'தோழி' விடுதிகள் இருக்கின்றன. ஆனால் ஏ.டி.எம். கார்டும் பின் நம்பரும் கணவர் கையில் இருந்தால், 1,000 ரூபாயும் அவருடையதுதான்.

"பொய்ப் புகாரும் வருதே?"

குடும்ப வன்முறை பற்றிப் பேசும் எந்த இடத்திலும் இந்தக் கேள்வி வரும். கணவரின் வெளியூர்ச் சொந்தங்கள் வரை எல்லோர் பெயரையும் புகாரில் சேர்ப்பது நடக்கிறது. நீதிமன்றங்களும் அதைக் கண்டித்திருக்கின்றன. அதற்கான தடுப்பும் இருக்கிறது. 7 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில், 498ஏ உட்பட, புகார் வந்ததுமே கைது செய்யக் கூடாது, கைது ஏன் அவசியம் என்று போலீஸ் எழுத்தில் காரணம் காட்ட வேண்டும் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

அதே நேரம் முன்னால் பார்த்த எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 100 பேரில் 77 பேர் யாரிடமும் சொல்வதே இல்லை. தவறான புகார் விசாரணையில் தெரிந்துவிடும். சொல்லப்படாத புகாரை எந்த விசாரணையும் கண்டுபிடிக்காது.

நடந்த பிறகு ஓடுவதா, நடக்காமல் தடுப்பதா?

இதுவரை பார்த்தது எல்லாம் அடி விழுந்த பிறகு நடப்பவை. அடி விழாமல் தடுக்க என்ன செய்யலாம் என்பதில்தான் நாம் மிகவும் பின்தங்கியிருக்கிறோம்.

குடியை நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்பது பரவலான நம்பிக்கை. அடிக்கடி குடித்துவிட்டு வரும் கணவரோடு வாழும் பெண்கள் வன்முறையைச் சந்திப்பது மிக அதிகம் என்பதை குடும்ப நல ஆய்வுகளும் காட்டுகின்றன. ஆனால் குடிக்காத வீடுகளிலும் வன்முறை இருக்கிறது. அதே ஆள் குடித்துவிட்டு முதலாளியை அடிப்பதில்லை, வீட்டுக்கு வந்து மனைவியைத்தான் அடிக்கிறார். போதை கோபத்தைக் கூட்டும். யாரை அடித்தால் கேட்க ஆள் இல்லை என்பது போதையிலும் தெரிகிறது.

அந்த நினைப்பை மாற்ற முடியும் என்பதற்கு உகாண்டா தலைநகர் கம்பாலாவில் ஓர் ஆதாரம் இருக்கிறது. 'சாசா' என்ற திட்டத்தில், அந்தந்தப் பகுதி ஆண்களும் பெண்களுமே பயிற்சி எடுத்துக்கொண்டு, தெரு, சந்தை, கோயில், காவல் நிலையம் என்று போய் அக்கம்பக்கத்தாரிடம் ஆண்டுக்கணக்கில் பேசினார்கள். 2014-ல் வெளியான ஆய்வு முடிவின்படி, திட்டம் நடந்த பகுதிகளில் கணவர் அல்லது துணையின் உடல்ரீதியான வன்முறை, திட்டம் நடக்காத பகுதிகளைவிட 52 சதவீதம் குறைவாக இருந்தது. போஸ்டர் ஒட்டி, உறுதிமொழி வாசித்து வந்த மாற்றம் அல்ல அது. பக்கத்து வீட்டுக்காரர் தலையிட ஆரம்பித்ததால் வந்தது.

நம் ஊரில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. அங்கன்வாடி, ஆஷா பணியாளர், கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்குள் வரை போகிறார்கள். யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று இவர்களுக்குத் தெரியும். தெரிந்த பிறகு யாரிடம் சொல்வது, சொன்னால் தனக்கு என்ன பாதுகாப்பு என்பதுதான் அவர்களுக்குத் தெளிவாக இல்லை.

பக்கத்து வீட்டில் நடந்தால் நீங்கள் என்ன செய்யலாம்?

• பாதிக்கப்பட்டவர்தான் புகார் சொல்ல வேண்டும் என்பதில்லை. அக்கம்பக்கத்தார் உட்பட யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்ல எண்ணத்தில் தகவல் தந்தவர் மீது எந்த வழக்கும் வராது என்று சட்டத்தின் 4-வது பிரிவே உறுதி தருகிறது.

• சத்தம் கேட்கும்போது கதவைத் தட்டுங்கள். "கொஞ்சம் சர்க்கரை இருக்கா?" என்று கேட்டாலும் போதும். வெளியே ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் கை நிற்கும். ஆயுதம் இருக்கிறது என்று தெரிந்தால் உள்ளே போகாமல் 112-க்கு அழையுங்கள்.

• மறுநாள் அந்தப் பெண் தனியாக இருக்கும்போது பேசுங்கள். "ஏன் இன்னும் அங்க இருக்கே?" என்று கேட்காதீர்கள். "உனக்கு என்ன உதவி வேணும்?" என்று கேளுங்கள்.

பாதிக்கப்பட்டவர் கவனிக்க வேண்டியவை

• ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்று ஆகியவற்றின் நகலை நம்பகமானவரிடம் கொடுத்து வையுங்கள்.

• காயங்களைப் படம் எடுத்து வேறொருவருக்கு அனுப்பிவிட்டு, போனில் இருந்து அழித்துவிடுங்கள். உதவி எண்ணுக்கு அழைத்த பதிவையும் அழியுங்கள்.

• மருத்துவமனையில் உண்மையான காரணத்தைச் சொல்லுங்கள். ஏ.ஆர். காப்பி கேட்டு வாங்குங்கள்.

• ஸ்டேஷனில் மனு கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது இல்லாமல் வராதீர்கள். வழக்குப் பதிய மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்கும், அதன் பிறகு நடுவர் நீதிமன்றத்துக்கும் போகலாம்.

• பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.

• வீட்டை விட்டு வெளியேறும் நாளும் அதற்குப் பிந்தைய சில நாட்களும் ஆபத்தானவை. கிளம்புவதை முன்கூட்டி வீட்டில் சொல்ல வேண்டாம்.

முக்கிய எண்கள்

பெண்கள் உதவி எண்: 181 (24 மணி நேரம்)
அவசர உதவி: 112
குழந்தைகள் உதவி எண்: 1098
இலவச சட்ட உதவி: 15100

கடைசியாக ஒன்று. செய்திகளில் அடிக்கடி ஒரு வரி வரும்: 'திருமணமாகி 7 ஆண்டுகளே ஆவதால் ஆர்.டி.ஓ. விசாரணை நடைபெற்று வருகிறது.' அந்தப் பெண் இறந்த பிறகு ஆர்.டி.ஓ. வருகிறார், டி.எஸ்.பி. வருகிறார், உடற்கூறாய்வு நடக்கிறது, அக்கம்பக்கத்தாரிடம் வாக்குமூலம் வாங்குகிறார்கள். "அடிக்கடி சத்தம் கேக்கும் சார்" என்று அப்போது எல்லோரும் சொல்கிறார்கள். அதே வாக்குமூலத்தை அவர் உயிரோடு இருக்கும்போதே 181-க்குச் சொல்லலாம். அழைக்கக் கட்டணம் இல்லை.